வாயசைவு

ஒன்பது படம். எட்டில் செத்தார் நீலயினார்.
ஒன்பதாவதில் தேருக்குப் பின்னால்
முதுகு மட்டும்.

மாங்குளத்தில் ரயிலேறிப் போன ஆள்.
மதராசில் ஏழு வருடம்.
கூரை இல்லாத அரண்மனையில்
வெயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் படம் பிடிப்பார்களாம்.
மேகம் வந்தால் சாவும் நிற்கும்.
நெஞ்சில் அட்டைவாளோடு
அடுத்த வெயில் வரும்வரை கிடக்க வேண்டும்.
ஒருக்கால் அப்படியே அயர்ந்து குறட்டை விட்டதும்
படத்தில் இருக்கிறதாம்.
"ஆருக்குக் கேக்கப்போகுது?" என்பார்.

சிவப்புப் பூசினால் கறுப்பாய் விழும்,
நீலம் பூசினால் வெள்ளையாய்.
"என்ரை பேரையே அந்தப் பெட்டி
வெளுத்துப்போட்டுது."

பிறகு படம் பேசத் தொடங்கியது.
மைக்குக்கு முன்னால் நிறுத்தி
ஒரு வரி சொல்லச் சொன்னார்கள். சொன்னார்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
காதுக்குழலைக் கழற்றிவிட்டு
"எந்த ஊர்?" என்று கேட்டார்.
"மாங்குளம்."
"பாட்டு வருமா?"
"எருமை சாய்க்கிற குரல் வரும்."
அன்று பின்னேரமே கணக்குத் தீர்த்தார்கள்,
பாதிக் கணக்கு.

திரும்பி வந்து ஸ்டேசனில் சிக்னல் விளக்குத் துடைத்தார்.
சிவப்பு சிவப்பாகவே தெரிகிற வேலை.

அந்த மாசி மாதம்
பிலிப்புப்பிள்ளையின் பயாஸ்கோப்போடு நான் வந்திறங்கினேன்,
கைபிடி சுற்றுகிறவன், பதினேழு வயது.
ஊமைப்படம் ஒன்று, மலிவாய் வாங்கியது.
கதை சொல்லுகிறவன் வவுனியாவிலேயே
குளிர்காய்ச்சலில் விழுந்துவிட
நீலயினாரை யாரோ கூட்டிவந்தார்கள்.

நெல்லுக் கோடவுன். சாக்கு விரித்துச் சனம்.
தகரப் புனலை வாயில் வைத்து
ராசா, ராணி, குதிரை, மழை
எல்லாவற்றுக்கும் அவரே பேசினார்.
கடைசிச் சுருளில் திரையிலும் அவரே வந்தார்.
வாள் ஏறியது. வாய் அசைந்தது.
"தாயே, என் மண்ணே, போய்வருகிறேன்!"
என்றது புனல்.
ஒலுமடுப் பெண்டுகள் மூக்குச் சிந்தினார்கள்.

பூரணம் மட்டும் சிரித்தாள்.
பிறவியிலேயே காது கேளாதவள்,
பால் விற்கிறவள்,
ஆட்களின் வாயைப் பார்த்தே கணக்கு முடிக்கிறவள்.
தமக்கை கிள்ளினாள், நிற்கவில்லை.
எழும்பித் திரையடிக்கு வந்து
மூன்று விரலைக் காட்டினாள்,
பிறகு பெருவிரலைச் சுட்டுவிரலில் தேய்த்தாள்.
காசு.

நீலயினார் புனலை இறக்கினார்.
"திருப்பிச் சுத்து தம்பி."

பின்னுக்குச் சுற்றினேன். வாள் கழன்றது, செத்தவர் எழும்பினார்.
முன்னுக்குச் சுற்றினேன்.
இந்தமுறை வெறும் வாயால்,
திரைவாய்க்குச் சரியாய்,
"மூண்டு கிழமைச் சம்பளம், முதலாளி,
மூண்டு கிழமை!
கடைக்காரன் சோறு தாறானில்லை."

மதராசில் எத்தனை ஆயிரம் பேர்
கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்த வாய் அது.

கோடவுன் பேசாமல் இருந்தது.
பிறகு இருட்டுக்குள்ளிருந்து ஒருவன்
ஒரு சதத்தைத் திரைக்கு எறிந்தான்.
பிறகு அரைச்சதங்கள், ஒரு பாக்கு, இன்னும் சதங்கள்.
பிலிப்புப்பிள்ளை பொறுக்க வந்தார், பூரணம் விடவில்லை.
எண்ணினோம்: இரண்டு ரூபா பத்துச் சதம்.
மூன்று கிழமைக்குக் காணாது.

அந்தச் சுருள் அடுத்த கிழமை கிளிநொச்சியில்
விளக்குச் சூட்டில் பற்றியெரிந்தது.
என் இடப்புருவம் அதோடு போனது.

பிறகும் அந்த வழியால் ரயிலில் போவேன்.
மாங்குளத்தில் வண்டி நிற்கிற நாலு நிமிசத்தில்
பாற்செம்பைக் கீழே வைத்துவிட்டு
ஒன்பது விரலை நீட்டுவாள் பூரணம்,
தன் முதுகைத் தொட்டுக்காட்டுவாள்,
உள்ளங்கையை விரித்துக் கேட்பாள்:
அதிலை என்ன சொன்னீர்?

விளக்கும் துணியுமாய் அவர்
மறுபக்கம் திரும்பிக்கொள்வார்.
தோள் மட்டும் குலுங்கும்.
அவள் எட்டி எட்டிப் பார்ப்பாள்.